நகல் இருக்கிறது, படம் எங்கே?

வீட்டுக் கணினி: கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிட்டுப் போன பிறகு, ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரும். பீரோவிலிருந்து ஹார்டு டிஸ்கை எடுத்து, பேரன் பேத்திக்குக் காட்டலாம் என்று திறந்தபோது படம் சரியாக வரவில்லை என்று எழுதியிருப்பார்கள். இந்த முறை அப்படி வந்த கடிதங்களுக்கே முழுப் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 2011-ல் என் மகள் கல்யாணம் நடந்தது. சுமார் 1,800 படங்களையும் நாலு மணி நேர வீடியோவையும் ஸ்டுடியோக்காரரிடமிருந்து வாங்கி, ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் போட்டுப் பூட்டி வைத்தேன். 2019-ல் புது டிஸ்க் வாங்கி அதிலும் ஒரு நகல் எடுத்தேன். போன மாதம் திறந்தால் நாற்பது படங்களுக்கு மேல் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். சில படங்களில் கீழே நிற்பவர்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிகிறார்கள். இரண்டு டிஸ்கிலும் அதே படங்கள், அதே இடத்தில் கெட்டிருக்கின்றன. யாரும் தொடவே இல்லை. இது வைரஸா? மீதிப் படங்களையாவது எப்படிக் காப்பாற்றுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய டிஸ்கில் இனி எதையும் எழுதாதீர்கள். செருகியதும் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அது டிஸ்கின் அட்டவணையைத்தான் ஒழுங்குபடுத்தும். உங்கள் மகளின் முகத்தைத் திருப்பித் தராது. சில சமயம் மிச்சமிருப்பதையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடும்.

இது வைரஸ் வேலை இல்லை. பணம் கேட்டு மிரட்டும் வகை வைரஸ் என்றால் ஃபைலே திறக்காது, பாதிப் படமும் வராது. நீங்கள் எழுதியதில் முக்கியமான தடயம் 'அதே படங்கள், அதே இடத்தில்' என்பதுதான். இரண்டு டிஸ்க் தனித்தனியாகக் கெட்டால் ஒரே இடத்தில் கெடாது. 2019-ல் நகல் எடுக்கும்போது கெட்டிருந்தால், புது டிஸ்கில் மட்டும்தான் பழுது இருக்கும். ஆகவே 2019-க்கு முன்பே பழைய டிஸ்கில் இருந்த படங்கள் கெட்டிருக்கின்றன. கெட்டதையே நீங்கள் அக்கறையாக இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஸ்டுடியோவிலிருந்து முதன்முதலில் டிஸ்கில் ஏற்றிய அன்றே கெட்டிருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

ஏன் பாதிப் படம் மட்டும் சாம்பலாகிறது? ஜேபெக் என்ற வழக்கமான ஃபைல் வகையில் சேமித்த படத்தில் புள்ளிகள் தனித்தனியாக எழுதப்படுவதில்லை. படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சுருக்கி, ஒரே சங்கிலியாகக் கோத்து எழுதுகிறார்கள். ஒரு கட்டத்தின் அடிப்படை வெளிச்சமும் நிறமும் 'முந்தைய கட்டத்தைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு' என்றுதான் பதிவாகும். நடுவில் ஒரு கண்ணி பிசகினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்புக் கணக்காகிவிடும். நிறம் மாறுவது அதனால்தான். கணக்கு அடியோடு தொலைந்துபோனால் மீதி இடம் சாம்பல். 5 எம்பி படம் ஒன்றில் ஏறத்தாழ 4 கோடி பிட்டுகள் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் துண்டுகள்) இருக்கும். அதில் ஒரே ஒரு பிட் மாறினாலே மணமேடையில் பாதிப் பேர் காணாமல் போகலாம். பழைய நெகட்டிவில் பூஞ்சை பிடித்தால் பிடித்த இடத்தில் மட்டும்தான் கறை தெரியும். டிஜிட்டல் படத்தில் கறை அங்கேயே நிற்பதில்லை.

யாரும் தொடாமல் எப்படி மாறும்? ஹார்டு டிஸ்கில் தகவல் காந்தப் புள்ளிகளாக இருக்கிறது. வருடக்கணக்கில் சில புள்ளிகள் பலவீனமாகும். அதற்காகவே ஒவ்வொரு பகுதியோடும் பிழை திருத்தும் உபரித் தகவலை டிஸ்க் சேர்த்தே எழுதியிருக்கும். சின்னப் பிழையைத் தானே திருத்திவிடும், பெரிய பிழை என்றால் 'படிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடும். இது நேர்மையான பழுது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தமில்லாமல் வரும் பழுது பெரும்பாலும் போகிற வழியில் நடக்கிறது. கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் கெட்டிருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். எழுதி முடிப்பதற்குள் டிஸ்கை உருவியிருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். டிஸ்க் என்ன செய்யும்? வந்து சேர்ந்த தப்பான தகவலைச் சரியாக எழுதி வைத்துக்கொள்ளும். நாம் வீட்டில் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் போன்ற ஃபைல் அமைப்புகள் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள்), படத்தின் உள்ளடக்கம் அன்று போலவே இன்றும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதில்லை. ஃபைல் பெயர், அளவு, தேதி மூன்றும் சரியாக இருக்கும். உள்ளேதான் மாறியிருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மதுரையில் என் கணவர் கேமரா பிடிக்க, நான் மிக்ஸிங்கில், அதாவது எடிட்டிங்கில், உட்கார, 22 வருடம் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தினோம். 2007-ல் என் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மூன்று மினி டிவி (MiniDV) கேமரா டேப்பில் எடுத்தோம். ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்றினால் 13 ஜிபி வரும். ஏற்றி, இன்னொரு டிஸ்கிலும் ஒரு காப்பி போட்டுவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டோம். அப்போது தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மூன்று மாதம் கழித்து மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தால் படம் பல இடங்களில் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி கரகரக்கிறது. சாயங்காலம் மண்டபத்தில் என் அத்தை பாடிய லாலிப் பாட்டில் இரண்டு வரி கேட்கவே முடியவில்லை. தெரிந்த ஒருவர் ரேமைப் பரிசோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டார். காலையில் திரை நிறையச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமில் ஒன்று கெட்டுப்போய், அதன் வழியாகப் போன ஒவ்வொரு ஃபைலிலும் அங்கங்கே சில எழுத்துகளை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கணினி மற்றபடி நன்றாகத்தான் ஓடியது. எப்போதாவது நின்றுபோகும், வெயில் என்று நினைத்துக்கொள்வோம். அத்தை அடுத்த வருடமே காலமாகிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்த இரண்டு வரி இல்லாத பாட்டுத்தான் எங்களிடம் இருக்கிறது.

சரி, உங்கள் நாற்பது படங்களுக்கு வருவோம். கெட்ட ஃபைலுக்குள் தொலைந்த பகுதியை எந்த மென்பொருளும் கற்பனையாக வரையலாமே தவிர மீட்க முடியாது. ஆகவே வேறு பிரதியைத் தேடுங்கள். 2011-ல் ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பத்தோடு டிவிடியும் கொடுப்பார்கள். சம்பந்தி வீட்டிலும் ஒரு செட் போயிருக்கும். கரிஷ்மா ஆல்பம் போட்டிருந்தால் அதை வடிவமைத்தவரிடம் பக்கங்கள் இருக்கலாம். அந்த நாட்களில் மகள் மின்னஞ்சலில் யாருக்கு அனுப்பினாள் என்று கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி. கேமராவில் எடுத்த ஜேபெக் ஃபைலின் தொடக்கத்தில், எடுத்த தேதி, கேமரா விவரங்கள் இருக்கும் எக்சிஃப் பகுதியில், பெரும்பாலும் 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படம் தனியாக இருக்கும். பெரிய படம் பாதியில் கெட்டாலும் அது முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் அதை வெளியே எடுக்கலாம். தபால்தலை அளவுதான், ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்று தெரியும். இதே காரணத்தால், ஃபோல்டரில் சின்னதாகத் தெரியும் படங்களைப் பார்த்து 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இனி மீதி 1,760 படங்கள். நகல் எடுப்பது எல்லோருக்கும் தெரிகிறது. எடுத்த நகல் சரியா என்று பார்ப்பதைத்தான் யாரும் செய்வதில்லை. அதற்கு ஹாஷ் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு ஃபைலை முழுவதும் படித்து, கணக்குப் போட்டு, ஒரு நீண்ட எண்ணைத் தரும். எஸ்எச்ஏ-256 என்ற வகையில் அது 64 எழுத்து நீளம். படத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். படத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம், கணக்கு மாதிரி ஃபைல்களை நாமே மாற்றிக்கொண்டிருப்போம். 2011 கல்யாணப் படம் மாறவே கூடாது. மாறினால் அது பழுது, வேறெதுவும் இல்லை. அதனால் குடும்பப் படங்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். வருடம் முடிந்ததும் அந்த ஃபோல்டரை மூடிவிடுவேன், அப்புறம் அதில் எதையும் சேர்ப்பதில்லை, திருத்துவதில்லை. திருத்த வேண்டுமென்றால் வேறு இடத்தில் பிரதி எடுத்துத் திருத்துவேன். மூடும்போது டெராகாப்பி என்ற மென்பொருளால் எல்லா ஃபைலுக்கும் ஹாஷ் பட்டியல் எடுத்து, அந்த ஃபோல்டருக்குள்ளேயே வைப்பேன். இது வீட்டு உபயோகத்துக்கு இலவசம். நகல் எடுத்ததும் இரண்டு பக்கத்தையும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இதில் உண்டு. அதை எப்போதும் இயக்கத்திலேயே வைத்திருங்கள். வழக்கமான காப்பி–பேஸ்ட்டில் அந்த ஒப்பீடு கிடையாது.

பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எல்லா டிஸ்கையும் வெளியே எடுத்து, பட்டியலோடு ஒப்பிட விட்டுவிடுவேன். ஸ்டுடியோ இருந்த காலத்தில் அன்றைக்கு கேமராக்களைத் துடைத்துப் பொட்டு வைப்போம், அந்தப் பழக்கம் இப்படித் தொடர்கிறது. ஒரு டெராபைட் டிஸ்க்கைப் படித்து முடிக்க சில மணி நேரம் ஆகும், நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு டிஸ்கில் ஒரு படம் பொருந்தவில்லை என்றால் இன்னொரு டிஸ்கில் பொருந்தும் பிரதியிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடுவேன். பட்டியல் இல்லாவிட்டால் இரண்டு பிரதி வேறுபடும்போது எது அசல், எது பழுது என்று எப்படிச் சொல்வது? நூறு படங்கள் என்றால் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். முப்பதாயிரம் படங்களுக்கு முடியாது.

கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் மல்டிபார் என்ற மென்பொருளில் ஒரு ஃபோல்டருக்கு 10 சதவீத மீட்புத் தகவல் உருவாக்கி வையுங்கள். 50 ஜிபி ஃபோல்டருக்கு 5 ஜிபி ஆகும். சில ஃபைல்கள் கெட்டால் அதைக்கொண்டு அசலை அப்படியே மீட்கலாம். இதன் கணிதத்தை ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் எழுதினார்கள். கீறல் விழுந்த ஆடியோ சிடி தடங்கல் இல்லாமல் பாடியதும் இதனால்தான்.

மூன்றாவது பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற வழக்கத்தை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பினார். நம் ஊருக்கு அது இன்னும் பொருந்தும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் என் தோழியின் வீட்டுத் தரைத்தளத்தில் இரண்டு டிஸ்கும் ஒரே இழுப்பறையில் இருந்தன. உங்கள் மகளிடமே ஒரு டிஸ்கைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டு நெட்வொர்க்கில் வைக்கும் இரண்டு டிஸ்க் பெட்டி வாங்கலாம், ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கும் என்கிறான் மகன். அது போதுமா, அம்மா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்வது நாஸ் என்ற பெட்டி. நல்ல பொருள்தான், ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் எழுதும் முறைக்கு ரெய்டு 1 என்று பெயர். ஒரு டிஸ்க் அடியோடு செத்தால் அது காப்பாற்றும். நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். கெட்ட ரேம் வழியாக வந்த படம் இரண்டிலும் கெட்டதாகவே ஏறும். இரண்டு டிஸ்கிலும் தகவல் வேறுபட்டால் எது சரி என்று சாதாரண ரெய்டுக்குத் தெரியாது.

அது தெரிய வேண்டுமென்றால் ஃபைல் அமைப்பே ஹாஷ் போன்ற சரிபார்ப்பு எண்ணை எழுதி வைக்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் அப்படிப்பட்டது. லினக்ஸில் வந்த பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எண் பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தாவிட்டால் இன்னொரு டிஸ்கில் இருக்கும் நல்ல பிரதியைக் கொடுத்து, கெட்டதையும் திருத்தும். பெட்டி வாங்கும்போது இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சினாலஜி நிறுவனத்தின் பெட்டி என்றால், பகிர்வு ஃபோல்டரை உருவாக்கும்போதே 'டேட்டா செக்சம்' என்ற இடத்தில் டிக் செய்ய வேண்டும். ஃபோல்டர் உருவான பிறகு அதை மாற்ற முடியாது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். 'ஸ்க்ரப்பிங்' என்ற முழுச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். பெட்டிக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து எழுந்தால்கூட, எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு டிஸ்க் வேண்டும். மாதம் ஒருமுறை செருகி, நகல் எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றி வைத்த டிஸ்கை வைரஸும் தொடாது, இடியும் தொடாது.

கேள்வி: குழந்தைகளின் வீடியோக்களை 128 ஜிபி பென் டிரைவில் போட்டு வங்கி லாக்கரில் நகைகளோடு வைத்திருக்கிறேன். பத்து வருடம் தாங்குமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: அதை நம்பி வைக்காதீர்கள். பென் டிரைவும், புதுக் கணினிகளில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியும் தகவலை மின்னூட்டமாகச் சிறைபிடித்து வைத்திருக்கின்றன. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. சிப் தொழிலுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் தரநிலைகூட, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்றுதான் கேட்கிறது. புதியது அதைவிட அதிகம் தாங்கும். ஆனால் மலிவான பென் டிரைவில் உள்ளே என்ன தரச் சிப் இருக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. 128 என்று அச்சிட்டு உள்ளே 16 மட்டும் வைத்த போலிகளும் சந்தையில் உண்டு. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லாக்கர் நல்ல யோசனை. அங்கே ஹார்டு டிஸ்கை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். நகை எடுக்கப் போகும்போது வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். அப்போது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் கவனியுங்கள். அவை பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி7 ஏறினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எல்லாப் படமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறதே, அதுவே பேக்கப் ஆகாதா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: ஆகாது. வழக்கமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, கேமரா விவரங்களையும் நீக்கிவிடுகிறது. 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அசல் போகும். கூகுள் போட்டோஸ் ஒரு பிரதியாக இருக்கட்டும், ஆனால் 2021 ஜூன் 1-லிருந்து ஏற்றும் படங்கள் எல்லாமே இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. செயலிக்குள் போய்ப் போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பாட்டி தன் கல்யாணக் கதையைச் சொல்வதை மொபைலில் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபதாவது நிமிடம் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. ஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. போய்விட்டதா அக்கா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: போகவில்லை என்றுதான் நினைக்கிறேன் தங்கச்சி, ஃபைலின் அளவே நல்ல அறிகுறி. எம்பி4 வீடியோவில் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற பொருளடக்கம் 'மூவ்' என்ற பகுதியில் இருக்கும். பல போன்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் அதை எழுதுகின்றன. உன் போன் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. பாட்டி பேசியது உள்ளே இருக்கிறது, பொருளடக்கம்தான் இல்லை.

அந்த ஃபைலை உடனே கணினிக்கு ஒரு பிரதி எடு, போனில் இருப்பதை அழிக்காதே. அதே போனில், அதே தரத்தில் இரண்டு நிமிடம் வேறு எதையாவது எடு. பிறகு அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளுக்கு நல்ல ஃபைலையும் கெட்ட ஃபைலையும் கொடு. நல்லதைப் பார்த்து, கெட்டதற்கு ஒரு புதுப் பொருளடக்கத்தைக் கட்டித் தரும். கட்டளை எழுதித்தான் ஓட்ட வேண்டியிருக்கும், கல்லூரியில் கணினித் துறை நண்பர்கள் யாராவது உதவுவார்கள். ஒலியும் படமும் கொஞ்சம் முன்பின்னாக வந்தால் கவலைப்படாதே, அதை மிக்ஸிங்கில் சரிசெய்யலாம். முடியாவிட்டால் எனக்கு எழுது, நான் செய்து தருகிறேன்.

இன்னொன்று. பாட்டி நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இந்த ஞாயிற்றுக்கிழமையே போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு, அவரிடம் அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்.